பதினைந்து இலக்கத்துக்கு அப்பால்

மதிப்பிற்குரிய ஐயா,

சதுரங்கப் பலகையின் 64 கட்டங்களில் ஒன்று, இரண்டு, நான்கு என இரட்டித்து அரிசி வைத்தால் மொத்தம் 18446744073709551615 மணிகள் என்று எழுதியிருந்தீர்கள். கீழமாசி வீதியில் ஒரு மொத்தக் கடையில் கணக்கு எழுதும் நான், கடைக் கணினியின் எக்செல்லில் போட்டுப் பார்த்தேன். 18446744073709600000 என்று வருகிறது. எது சரி? இவ்வளவு பெரிய எண்ணின் காரணிகளைக் கையால் காண முடியுமா என்று பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகளும் கேட்கிறாள்.

— ஒரு வாசகர், மதுரை

அன்புள்ள நண்பருக்கு,

நான் எழுதியதே சரி. முதல் கட்டத்தில் ஒரே ஒரு மணி, மற்ற 63 கட்டங்களிலும் இரட்டைப்படை. ஆகவே மொத்தம் ஒற்றைப்படையாகத்தான் இருக்க வேண்டும், சைபரில் முடிய வழியில்லை. எக்செல் எண்ணை 15 இலக்கங்களுக்கு முழுமையாக்கிக் காட்டிவிட்டு, மீதி இடங்களைச் சைபரால் நிரப்பிவிடுகிறது. வித்தியாசம் 48,385 மணிகள். ஒரு மணி 20 மில்லிகிராம் என்று கொண்டால், சுமார் 37 ஆயிரம் கோடி டன் அரிசியில் ஒரு கிலோவுக்கும் சற்றுக் குறைவான பிழை அது. உங்கள் கடைத் தராசு இவ்வளவு துல்லியமாக இருக்குமா என்பது எனக்குச் சந்தேகமே.

காரணிகளைக் கையாலேயே காணலாம், ஏனெனில் இந்த எண் 2-இன் 64-ஆம் அடுக்கைவிட ஒன்று குறைவு. உங்கள் மகள் வகுப்பில் படித்த a² − b² = (a + b)(a − b) என்ற முற்றொருமையைத் திரும்பத் திரும்பப் போட்டால், அது 3, 5, 17, 257, 65537, 4294967297 ஆகிய ஆறு எண்களின் பெருக்கலாகப் பிரிந்துவிடும். இவற்றில் முதல் ஐந்தும் பகா எண்கள். ஆறாவதும் அப்படித்தான் என்று 17-ஆம் நூற்றாண்டில் ஃபெர்மா என்ற கணித மேதை நம்பினார். 1732-இல் ஆய்லர் என்ற இன்னொரு கணித மேதை அதை 641-ஆல் வகுத்துக் காட்டினார்.

641 எங்கிருந்து வந்தது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 4294967297-இன் எந்தப் பகாக் காரணியையும் 64-ஆல் வகுத்தால் மீதி 1 வந்தாக வேண்டும் என்பதைப் பின்னர் ஆய்லரே நிறுவினார். அப்படிப்பட்ட பகா எண்களை வரிசையாக எழுதினால் 193, 257, 449, 577, 641. ஐந்தாவது முயற்சியிலேயே விடை கிடைத்துவிடுகிறது; பில் புத்தகத்தின் ஒரு பின்பக்கத்துக்குள் அடங்கும் வேலை. ஈவு 6700417. அதுவும் பகா எண்ணே. அதன் வர்க்கமூலம் 2588-ஐச் சற்றே தாண்டுவதால், அதுவரை உள்ள இதே வகைப் பகா எண்களைச் சோதித்தால் போதும்.

ஆக ஏழு பகாக் காரணிகள், ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை. அதனால் இந்த எண்ணை மீதியின்றி வகுப்பவை சரியாக 128. 3 ஒரே முறைதான் என்பதை இலக்கங்களைக் கூட்டியே அறியலாம்: கூட்டுத்தொகை 87, அது 3-ஆல் வகுபடும், 9-ஆல் வகுபடாது. 641-ஆல் வகுக்கும் வேலையை மட்டும் எக்செல்லிடம் விடாமல் மகளையே செய்யச் சொல்லுங்கள். மீதி வந்தால் எனக்கு எழுதுங்கள்.