நரம்புக் காயத்துக்கு உதவித்தொகை கிடைக்குமா?

கேள்வி: பைக் விபத்தில் என் மகனுக்குத் தோள்பட்டை நரம்புகள் அறுந்து வலது கை தூக்க முடியவில்லை. பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறான். மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான மத்திய அரசின் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: விண்ணப்பிக்கலாம். காயத்தின் பெயரை யாரும் பார்ப்பதில்லை. ஊனம் 40 சதவீதமாவது இருக்க வேண்டும். பெற்றோரின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்தைத் தாண்டக்கூடாது. பதினொன்றாம் வகுப்பு முதல் முதுநிலைப் படிப்புவரை இத்திட்டம் பொருந்தும்.

முதலில் யூடிஐடி அட்டை, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான தனி அடையாள அட்டை வாங்க வேண்டும். மருத்துவக் குழு தசை வலிமையை 0 முதல் 5 வரை தரம் பிரித்துப் பார்க்கும். 'கை தூக்க முடியலீங்க' என்று மட்டும் சொல்லி நிற்காதீர்கள். ஈஎம்ஜி (தசையின் மின்செயல்பாட்டைப் பார்க்கும் சோதனை), நரம்புக் கடத்தல் பரிசோதனை அறிக்கைகள், அறுவை சிகிச்சை டிஸ்சார்ஜ் சுருக்கம் எல்லாவற்றையும் கையோடு கொண்டுபோங்கள். நரம்பு தேற வாய்ப்பிருந்தால் காலக்கெடுவுடன் தற்காலிகச் சான்று தருவார்கள். அது காலாவதியாகும் முன்பே மறுபரிசோதனைக்குப் போய்விடுங்கள். அட்டை வெள்ளை நிறத்தில் வந்தால் 40 சதவீதத்துக்குக் கீழ் என்று பொருள். மஞ்சளோ நீலமோ வேண்டும்.

பிறகு தேசிய உதவித்தொகைத் தளத்தில் ஒருமுறைப் பதிவு செய்து விண்ணப்பம். பெரும்பாலும் சிக்குவது இரண்டு இடத்தில்: ஆதாரிலும் யூடிஐடியிலும் பெயரின் இனிஷியல் வேறுபடுவது, கணக்கில் ஆதார் எண்ணைக் கொடுத்தும் வங்கி அதை என்பிசிஐயில் (வங்கிகளுக்கிடையே பணப் பரிமாற்றத்தை நடத்தும் தேசிய நிறுவனம்) சேர்க்காமல் விடுவது. கடைசியாக ஆதார் சேர்த்த கணக்குக்கே பணம் போகும், ஆகவே பழைய கணக்கைப் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள். கல்லூரி சரிபார்த்து அனுப்பும்வரை விண்ணப்பம் அங்கேயே கிடக்கும். உதவித்தொகை பார்க்கும் அலுவலரை நேரில் போய்க் கேளுங்கள்.