ஒருமித்த கருத்தும் மூன்று புரூஃபும்

கேள்வி: பருவநிலை மாற்றத்துக்கு மனிதனே காரணம் என்பதில் 97 சதவீத விஞ்ஞானிகள் ஒருமித்த கருத்துக்கு வந்துவிட்டார்கள் என்று எழுதுகிறீர்கள். அறிவியலில் ஏது ஓட்டெடுப்பு? கலிலியோ தனி ஆளாகத்தானே நின்றார்? நீங்கள் உண்மையிலேயே இதை நம்புகிறீர்களா?
– ஒரு வாசகர், விருதுநகர்

பதில்: ‘கருத்து’ என்ற சொல்லைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. முதலில் அதைப் பேசிவிடுகிறேன்.

‘ஒருமித்த கருத்து’ என்று தமிழில் எழுதிய அன்றைக்கே பாதி வழக்கு தோற்றுவிட்டது. கருத்து ஆளுக்கு ஒன்று இருக்கலாம். பார்த்துவிட்டு வந்த மாப்பிள்ளையைப் பற்றி அத்தைக்கு ஒரு கருத்து, சித்தப்பாவுக்கு ஒரு கருத்து. சாம்பாரில் வெல்லம் போடலாமா கூடாதா என்பதில் ஒரே வீட்டுக்குள் இரண்டு கருத்து. எல்லோரையும் உட்கார வைத்துப் பேசி, அவர் கொஞ்சம் இவர் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, ஒரு வழியாக எல்லோரும் தலையாட்டினால் அது ஒருமித்த கருத்து. கட்சிப் பொதுக்குழுவிலும் ஊர்க் கூட்டத்திலும் அப்படித்தான் நடக்கிறது. அதே சொல்லை விஞ்ஞானிகளுக்கும் போட்டால், எங்கோ ஒரு ஹோட்டல் ஹாலில் கூடிப் பேசி முடித்துக்கொண்டார்கள் போல என்று நீங்கள் நினைப்பதில் தப்பே இல்லை. தவறான சொல்லை உங்கள் கையில் கொடுத்தவர்கள் பத்திரிகைக்காரர்கள்.

எங்கள் அலுவலகத்தின் பின்பக்க அறையில் ஒரு நீள மேஜை இருக்கிறது. எந்தக் கட்டுரையானாலும் பிழை பார்க்க மூன்று புரூஃப் தாள் எடுத்து மூன்று பேரிடம் தருவோம். ஒருவர் திருத்தியதை இன்னொருவர் எட்டிப் பார்க்கக்கூடாது. சிவப்பு மை ஒருவருக்கு, பச்சை ஒருவருக்கு, மூன்றாமவருக்குப் பென்சில். அவர்களுக்குள் நல்ல நட்பு உண்டு. ஆனால் ஒருவர் விட்ட பிழையை அடுத்தவர் பிடித்துவிட்டால், அன்று சாயங்காலம் டீ வரும்வரை அந்தப் பேச்சுதான். போன மாதம் ஒரு கட்டுரையில் ஓர் ஆண்டு தப்பாக விழுந்திருந்தது. மூன்று தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சிவப்பிலும் பச்சையிலும் பென்சிலிலும் அதே நான்கு இலக்கத்தைச் சுழித்திருந்தார்கள்.

அதை ஓட்டெடுப்பு என்று சொல்வீர்களா? மூன்றுக்குப் பூஜ்யம் என்பதற்காகவா நான் அந்த ஆண்டைத் திருத்தினேன்? ஒருவரையொருவர் மடக்கக் காத்திருக்கிற மூன்று பேர், தனித்தனியாகப் படித்து, ஒரே இடத்தில் வந்து நின்றார்கள். அதற்குத்தான் மதிப்பு. விஞ்ஞானிகள் விஷயத்தில் நடந்ததும் இதுவே. அவர்கள் மேஜை கொஞ்சம் நீளம். ஒன்றரை நூற்றாண்டு நீளம்.

1859-இல் லண்டனில் ஜான் டிண்டால், ஒரு குழாய்க்குள் கார்பன் டை ஆக்ஸைடை நிரப்பி, அது வெப்பத்தைப் பிடித்து வைப்பதை அளந்து காட்டினார். 1896-இல் ஸ்வீடனில் அரேனியஸ், காற்றில் அந்த வாயு இரட்டிப்பானால் பூமி எத்தனை டிகிரி சூடாகும் என்று கையாலேயே கணக்குப் போட்டார். 1967-இல் மனாபேயும் வெதரால்டும் கணினியில் போட்ட கணக்கு, கீழ்க்காற்று சூடாகும்போது மேலடுக்கான ஸ்ட்ரேட்டோஸ்பியர் குளிரும் என்றது. சூரியன்தான் காரணம் என்றால் மேலடுக்கும் சேர்ந்தல்லவா சூடாக வேண்டும்? பிறகு செயற்கைக்கோள்கள் அளந்தன. மேலே குளிர்ந்திருக்கிறது, கீழே சூடாகியிருக்கிறது.

எனக்கு ரொம்பப் பிடித்த சாட்சி கார்பன்-14. வானத்தின் உயரத்தில் காஸ்மிக் கதிர்கள் பட்டு உண்டாகும் கார்பன் இது. 5,730 ஆண்டுக்கு ஒரு முறை பாதியாகிவிடும். கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்த நிலக்கரியில் இது ஒரு துளியும் மிஞ்சியிருக்காது. 1955-இல் ஹான்ஸ் சூயஸ் மரக்கட்டைகளைச் சோதித்தபோது, புதிய மரத்தில் கார்பன்-14 இருக்க வேண்டியதைவிடக் குறைவாக இருந்தது. பால்காரர் தண்ணீர் கலந்தால் பால் நீர்த்துப்போகிற மாதிரி, காற்றில் பழைய கார்பன் கலந்து நீர்த்துப்போயிருந்தது. எரிமலை விடுவதும் பழைய கார்பன்தானே என்று கேட்கலாம். சரி. ஆனால் நிலக்கரியும் பெட்ரோலும் ஒரு காலத்தில் செடிகொடிகளாகவும் பாசிகளாகவும் இருந்தவை; கார்பனிலேயே கொஞ்சம் கனமான வகையான கார்பன்-13-ஐச் செடிகொடிகள் குறைவாகவே எடுத்துக்கொள்ளும். எரிமலைக்கு அந்தக் குணம் கிடையாது. காற்றில் கார்பன்-13-இன் பங்கும் குறைந்துகொண்டே வருகிறது. எரிந்தது எது என்பதைக் காற்றே சொல்லிவிடுகிறது.

அப்புறம் அந்த 97. எனக்கு இந்த எண்ணைப் பிடிக்காது. ஜான் குக்கும் அவருடைய குழுவும் 2013-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து இது பரவியது. 11,944 ஆய்வுக்கட்டுரைகளின் சுருக்கங்களைப் படித்தார்கள். சுமார் 66 சதவீதம் காரணத்தைப் பற்றிப் பேசவே இல்லை. பேசியவற்றில் 97 சதவீதம் மனிதனே காரணம் என்றன. ‘பார்த்தீர்களா, மூன்றில் இரண்டு பங்கு வாயே திறக்கவில்லை’ என்று எதிர்த்தரப்பு பிடித்துக்கொண்டது. டைபாய்டு மருந்தைப் பற்றி எழுதுகிற டாக்டர், காய்ச்சலுக்குக் கிருமி காரணம் என்று ஒவ்வொரு கட்டுரையிலும் நிறுவிக்கொண்டிருப்பாரா? ஆய்வு சரியானதுதான். ஆனால் அந்த எண் வந்ததிலிருந்து பேச்சு தேர்தல் முடிவு மாதிரி ஆகிவிட்டது. கார்பன்-14-ஐப் பற்றி ஒரு வரி படிக்காதவர்கூட 97-க்காகச் சண்டை போடுகிறார்.

இந்தச் சண்டையை வேண்டுமென்றே வளர்த்தவர்களும் உண்டு. 1969-இல் அமெரிக்க சிகரெட் கம்பெனி ஒன்றின் உள்சுற்றுக் குறிப்பு, சந்தேகம்தான் நம் சரக்கு என்று எழுதிவைத்தது. புற்றுநோய் வராது என்று நிரூபிக்க அவர்களால் முடியாது. வருமா வராதா என்று ஜனங்களைக் குழப்பினாலே வியாபாரம் ஓடும். அதே வழி சீதோஷ்ண விஷயத்துக்கும் வந்தது. ஃபிராங்க் லன்ட்ஸ் என்ற பிரசார ஆலோசகர், அமெரிக்கக் குடியரசுக் கட்சிக்கு 2002 வாக்கில் எழுதிக்கொடுத்த குறிப்பில், அறிவியல் இன்னும் உறுதியாகவில்லை என்பதையே பேசிக்கொண்டிருங்கள் என்றார். 2019-இல் அதே லன்ட்ஸ் அமெரிக்க செனட்டர்கள் முன் உட்கார்ந்து, தான் சொன்னது தவறு என்று ஒப்புக்கொண்டார். இடையில் போன 17 வருடத்தை யாராலும் திருப்பித் தர முடியாது. இதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

என் பழைய சண்டை ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், பல வருடமாக எனக்குப் போஸ்ட்கார்டு எழுதிவருகிறார். நீங்கள் எழுதியதுபோல ‘பருவநிலை’ என்றே போடவேண்டும் என்பது அவர் கட்சி. அவர்மேல் எனக்கு மிகுந்த மரியாதை. ஆனால் பருவம் என்றால் கார், கூதிர், முன்பனி என்று ஆண்டுக்கு ஆண்டு வந்து போவது. இன்றைக்கு மழையா வெயிலா என்பது வானிலை. ஓரிடத்தின் முப்பது வருட வானிலையைச் சேர்த்துப் பார்த்தால் தெரிவது காலநிலை. பருவநிலை மாற்றம் என்று எழுதினால், ‘பருவம் என்றாலே மாறுவதுதானே ஐயா’ என்று ஒருவர் கேட்பார். கேட்டிருக்கிறார்கள். ஐயா, அடுத்த கார்டிலும் இதைத்தான் சொல்லப்போகிறேன்.

விஞ்ஞானிகள் தப்பே செய்யமாட்டார்களா? செய்தார்கள், அதுவும் நம் இமயமலையில். ஐ.பி.சி.சி. எனும் ஐ.நா. காலநிலைக் குழுவின் 2007 அறிக்கையில், இமயத்தின் பனியாறுகள் 2035-க்குள் மறைந்துவிடக்கூடும் என்று ஒரு வரி இருந்தது. அதற்கு ஆதாரமே இல்லை. நம் ஊர்ப் பனியாற்று நிபுணர் வி.கே. ரைனா, 2009-இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட தாளில், இமயப் பனியாறுகள் அப்படி விசித்திரமாக உருகவில்லை என்று எழுதினார். குழுவின் தலைவராக இருந்த பச்சௌரி, அதை மந்திரவாத விஞ்ஞானம் என்று ஏளனம் செய்தார். அவர் அப்படிப் பேசியிருக்கவே கூடாது. கனடாவின் பனியாற்று ஆய்வாளர் கிரஹாம் காக்லி அந்த வரி வந்த வழியைத் தேடிப் போனார். அறிவியல் ஏடு ஒன்றின் பேட்டிச் செய்தி கை மாறி வந்திருந்தது. 1996-இல் ரஷ்ய நிபுணர் ஒருவர் 2350 என்று எழுதியிருந்த ஆண்டு 2035 என்று இடம் மாறி விழுந்திருக்கவும் கூடும். எங்கள் நீள மேஜையில் தினமும் பிடிக்கிற பிழை! 2010 ஜனவரியில் குழு வருத்தம் தெரிவித்தது. ஆயிரம் பக்கத்தை நெருங்கும் அறிக்கையில் அந்த வரியைச் சுழித்தவர்கள் பனியாற்றையே வாழ்நாள் வேலையாகக் கொண்டவர்கள். பனியாறுகள் உருகுவதை அவர்கள் யாரும் மறுக்கவில்லை, வேகத்தைத் திருத்தினார்கள்.

நம்புகிறீர்களா என்று கேட்டீர்கள். என் அம்மா சமயபுரத்தாளை நம்பினாள், அது வேறு. தெர்மாமீட்டரில் 102 காட்டினால் யாரும் நம்பிக்கை தெரிவிப்பதில்லை, டாக்டரிடம் போகிறோம்.

கலிலியோவுக்கு வருகிறேன். அவரை விசாரித்து வீட்டுக்காவலில் வைத்தது திருச்சபை. வானத்தை அளந்தவர்கள் அவரைத் தனியே விடவில்லை. கெப்ளர் அவர் பக்கம். 1611-இல் ரோமாபுரியின் ஏசுசபை வானியலாளர்களே தொலைநோக்கியில் பார்த்து, அவர் கண்டவை உண்மை என்று சொன்னார்கள். இந்தக் கதையில் தனி ஆள் உங்களுக்கு வேண்டுமென்றால், கை ஸ்டூவர்ட் கேலண்டரைத் தருகிறேன். இங்கிலாந்தில் நீராவி எஞ்சினீயர். வானிலை அவருக்குப் பொழுதுபோக்கு. உலகெங்கும் உள்ள 147 நிலையங்களின் வெப்பக் கணக்கை வீட்டில் உட்கார்ந்து கூட்டிக் கழித்து, பூமி சூடாகிறது, நாம் எரிக்கும் கரிதான் காரணம் என்று 1938-இல் லண்டன் ராயல் வானிலைச் சங்கத்தில் படித்தார். கூடியிருந்த நிபுணர்கள் ஏற்கவில்லை. அன்றைய 97 சதவீதம் அவருக்கு எதிராக இருந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவர் கோபித்துக்கொண்டு போகவில்லை. மேலும் மேலும் அளவுகளைச் சேர்த்து எழுதிக்கொண்டே இருந்தார். 1958-இல் சார்லஸ் கீலிங் ஹவாயின் மௌனா லோவா மலையில் கருவியை வைத்தபோது, காற்றில் பத்து லட்சத்துக்கு 315 பங்கு கார்பன் டை ஆக்ஸைடு இருந்தது. கேலண்டர் 1964-இல் காலமானார். அதே மலையில் 2024-இன் சராசரி 424-க்கும் மேல்.