சம்பளம் தர முடியாது என்றால், உதவித்தொகையாகத் தருவார்களா?

கேள்வி: 2014-ல் கணவரின் ஹெச்1பி விசாவில் கலிஃபோர்னியா வந்தோம். மகனுக்கு அப்போது எட்டு வயது. 2018-ல் அவர் வேலை போனது, புது மனுவும் நிராகரிக்கப்பட்டது. ஊருக்குத் திரும்ப முடியாத சூழ்நிலை. ஸ்டேட்டஸ் (சட்டப்படி தங்கும் அனுமதி) இல்லாமலே தங்கிவிட்டோம். மகன் ஹைஸ்கூலை இங்கேயே முடித்து இப்போது கால் ஸ்டேட் (கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம்) கல்லூரி ஒன்றில் மண் அறிவியல் படிக்கிறான். ஆவணமில்லாத மாணவர்களுக்கும் மாநில உதவி தரும் ட்ரீம் ஆக்ட் சட்டம் மூலம் கால் கிராண்ட் என்ற மாநில உதவித்தொகை கிடைப்பதால் டியூஷன் கவலை இல்லை. ஜூன் முதல் பத்து வாரம், பாதாம் தோப்புகளில் மண் மாதிரி எடுத்துச் சோதிக்கும் ஆய்வுக்கு ஒரு பேராசிரியர் அவனைக் கூப்பிட்டிருக்கிறார். வேலை அனுமதி இல்லாததால் சம்பளம் கிடையாதாம். அந்த ஊரில் அறை, சாப்பாடு, பெட்ரோல், பூட்ஸ் எல்லாம் சேர்த்து 3,000 டாலர் ஆகும். அதை மூன்று யூனிட் பாடமாகப் பதிய இன்னொரு 1,200. நாங்கள் இருபது பேர் மாதம் 250 போட்டு நடத்தும் 5,000 டாலர் சீட்டில் ஏழு மாதம் கட்டியிருக்கிறேன். இப்போது எடுத்தால் 900 தள்ளு போகும். சீட்டை எடுக்கவா, ஊரிலிருந்து கொண்டுவந்த நகையை விற்கவா, இல்லை இந்த வருஷம் வேண்டாம் என்று அவனிடம் சொல்லிவிடவா? — பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்ட்ரல் வேலி

பதில்: சகோதரி, பிள்ளையை வேண்டாம் என்று தடுக்காதீர்கள். நகை பெட்டியிலேயே இருக்கட்டும், சீட்டையும் இந்த மாதம் எடுக்க வேண்டாம். நீங்கள் எழுதியிருக்கும் 4,200 டாலரில் 1,200 செய்யவே தேவையில்லாத செலவு. மீதி 3,000-ஐ உங்கள் கைப்பணத்தில் தேடுவதற்கு முன்னால் கல்லூரியில் தேட வேண்டும்.

பேராசிரியர் "சம்பளம் கிடையாது" என்று சொன்னதை நீங்கள் "பணம் கிடையாது" என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். பேராசிரியரே அப்படி நினைத்திருக்கவும் கூடும். 1986-ல் வந்த குடியேற்றச் சட்டப்படி, ஒருவரை வேலைக்கு எடுக்கும் எந்த நிறுவனமும் ஐ-9 படிவம் நிரப்பி அவருக்கு வேலை அனுமதி உண்டா என்று பார்க்க வேண்டும். அது வேலைக்கான விதி. ஸ்காலர்ஷிப், ஃபெலோஷிப் என்பவை கூலி இல்லை. மாணவன் கற்றுக்கொள்வதற்காகக் கொடுக்கும் தொகை அது, அதற்கு ஐ-9 கிடையாது. கலிஃபோர்னியாவில் ஆவணமில்லாத மாணவர்களின் பயிற்சிக்குப் பணம் வருவது பெரும்பாலும் இந்த வழியில்தான்.

ஆனால் பெயரை மட்டும் மாற்றி எழுதினால் போதாது. மணிக்கு இத்தனை டாலர் என்று கணக்குப் போட்டு, ஷிப்ட் வைத்து, சம்பளத்துக்கு ஆள் வைத்துச் செய்ய வேண்டிய வேலையை இவனிடம் வாங்கினால் அது சம்பளம்தான், காகிதத்தில் என்ன எழுதியிருந்தாலும் சரி. தொகை முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும், மணிநேரத்தோடு அதைக் கட்டக் கூடாது. அவன் என்ன கற்கப்போகிறான் என்று ஒரு பக்கத் திட்டம் இருக்க வேண்டும். பணம் சம்பளப் பிரிவு வழியாக வராமல் நிதி உதவி அலுவலகம் வழியாக வர வேண்டும்.

தம்பியை இந்த வாரமே பேராசிரியருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதச் சொல்லுங்கள். கதை எதுவும் வேண்டாம், ஸ்டேட்டஸ் பற்றி ஒரு வரிகூட வேண்டாம். "நான் ஏபி 540 மாணவன். இந்தக் கோடைப் பயிற்சிக்கு உங்கள் துறையின் நன்கொடை நிதியிலிருந்தோ தனியார் நிதியிலிருந்தோ 3,000 டாலரை ஃபெலோஷிப்பாக, நிதி உதவி அலுவலகம் மூலம் வழங்க முடியுமா? ஜூன் முதல் வாரத்திலேயே கிடைத்தால் அறை வாடகைக்கு உதவும்." இவ்வளவு போதும். (ஏபி 540 என்பது, இங்கே ஹைஸ்கூல் படித்தவர்களுக்கு ஸ்டேட்டஸ் எதுவானாலும் உள்மாநிலக் கட்டணம் தரும் சட்டம்.) நிதி எங்கிருந்து வருகிறது என்பதைக் குறிப்பிட்டுக் கேட்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மத்திய அரசின் நேஷனல் சயன்ஸ் ஃபவுண்டேஷன் நடத்தும் ஆர்இயு என்ற கோடைக்கால மாணவர் ஆய்வுத் திட்டங்களில் ஸ்டைபெண்ட் வாங்கக் குடிமகனாகவோ கிரீன் கார்டு உள்ளவனாகவோ இருக்க வேண்டும். பேராசிரியர் பழக்கத்தில் அந்த நிதியில் கேட்டுப் பார்த்துவிட்டு, முடியாது என்று நிறுத்திக்கொள்வார். துறைக்கு முன்னாள் மாணவர்கள் கொடுத்த நன்கொடை, பாதாம் துறையிலிருந்து வரும் ஆய்வுப் பணம் போன்றவற்றில் அந்த நிபந்தனை இல்லாமல் இருக்கலாம். கேட்டால்தான் தெரியும்.

பேராசிரியருக்கு இந்த நடைமுறை பழக்கமில்லை என்றால், வளாகத்திலேயே தெரிந்தவர் ஒருவர் உண்டு. 2019-ல் வந்த ஏபி 1645 சட்டப்படி ஒவ்வொரு கால் ஸ்டேட் வளாகத்திலும் ஆவணமில்லாத மாணவர்களுக்காக ட்ரீமர் ரிசோர்ஸ் லயேசான் என்ற பொறுப்பில் ஒருவர் இருக்க வேண்டும். நம் பிள்ளைகளில் பாதிப் பேர் அந்த அறைப் பக்கமே போவதில்லை. யாராவது பார்த்து, கோயிலில் பேச்சு வந்துவிடுமோ என்ற பயம். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் இவன் ட்ரீம் ஆக்ட் விண்ணப்பம் போட்டபோதே கல்லூரிக்கு விவரம் போய்விட்டது. இனி அந்தக் கதவைத் தட்டாமல் இருப்பதால் மிச்சமாவது ஒன்றும் இல்லை. வளாகத்தின் அவசர உதவி நிதிக்கு வழி காட்டுபவரும் பெரும்பாலும் அவர்தான்.

சரி, அந்த 1,200. கோடையில் பதியும் பாடத்துக்கு யூனிட் கணக்கில் தனியாகப் பணம் கட்ட வேண்டும். அதாவது இவன் ஆய்வகத்துக்கு உழைக்கவும் செய்து, உழைப்பதற்குக் காசும் கட்ட வேண்டும். வழக்கமான செமஸ்டர் பருவ காலத்தில் அப்படி இல்லை. கால் ஸ்டேட்டில் ஆறு யூனிட்டுக்கு மேல் எடுத்தால் டியூஷன் ஒரே தொகை, பன்னிரண்டு எடுத்தாலும் பதினைந்து எடுத்தாலும் மாறாது. அதனால் ஜூனில் கற்பதை ஆகஸ்டில் தொடங்கும் பருவத்தில் ஆய்வுப் பாடமாகப் பதிந்து, கோடையில் எடுத்த மாதிரிகளை வைத்தே அறிக்கை எழுதலாமா என்று கேட்கச் சொல்லுங்கள். காப்பீட்டுக்காகப் பதிந்தே ஆக வேண்டும் என்றால் ஒரே ஒரு யூனிட் போதுமா என்று கேட்கலாம்.

இப்போது சொல்லப்போவதைத் தம்பியைப் பக்கத்தில் உட்காரவைத்துப் படியுங்கள். சம்பளம் இல்லாமல் கஷ்டப்படும் பிள்ளையிடம் யாராவது, "சோஷியல் செக்யூரிட்டி நம்பர் ஒன்று ஏற்பாடு செய்கிறேன், ஐ-9-ல் டிக் போட்டுக் கொடு, அவ்வளவுதான்" என்று சொல்வார்கள். அந்தப் படிவத்தில் நான்கு கட்டங்கள் உண்டு. முதல் கட்டம் "அமெரிக்கக் குடிமகன்". எனக்குத் தெரிந்த ஒரு பையன் பத்தொன்பது வயதில் ஒரு கடையில் கோடை வேலைக்காக அந்த முதல் கட்டத்தில் டிக் போட்டான். பத்து வாரம், கைக்கு வந்தது மூவாயிரத்துச் சொச்சம். வருஷங்கள் கழித்து ஒரு குடிமகளைக் கல்யாணம் செய்து கிரீன் கார்டுக்குப் போனபோது, அதிகாரி மேசையில் அந்தப் படிவத்தின் நகல் இருந்தது. 1996-லிருந்து, குடிமகன் என்று பொய்யாகச் சொன்னவருக்கு நிரந்தரத் தடை. மன்னிப்பு கேட்க ஏறக்குறைய வழியே கிடையாது. அவனும் அவன் மனைவியும் என் எதிரில் உட்கார்ந்து, வக்கீல் செலவுக்கு எவ்வளவு ஒதுக்கலாம் என்று கேட்டார்கள். எவ்வளவு ஒதுக்கினாலும் அந்த டிக்கை அழிக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். அதை அவர்களிடம் சொல்ல அன்று வெகுநேரம் ஆனது.

உங்கள் மகனுக்கு இது இன்னும் முக்கியம். அவன் விசாவோடு, விமான நிலையத்தில் முத்திரை வாங்கி முறையாக நுழைந்தவன். 2007 ஜூன் 15-க்கு முன்பிருந்தே இங்கே இருந்திருக்க வேண்டும் என்பதால், சிறுவயதில் வந்தவர்களுக்கு வேலை அனுமதி தரும் டாக்கா (DACA) திட்டம் அவனுக்குக் கிடையாது. ஆனாலும் முறையாக நுழைந்தவனுக்கு, பின்னால் ஒரு குடிமகளைத் திருமணம் செய்தால் நாட்டை விட்டு வெளியேறாமலே கிரீன் கார்டு கேட்கும் வழி இன்றைய சட்டத்தில் இருக்கிறது. அந்த வழியை ஒரு கோடைச் சம்பளத்துக்காக அடைத்துவிடக் கூடாது. இதே காரணத்துக்காக, ஆய்வகம் வெளிநாட்டுக் களப்பயணத்துக்குக் கூப்பிட்டால், செலவு முழுவதையும் அவர்களே ஏற்றாலும் போகக் கூடாது. பதினெட்டு வயதுக்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் ஸ்டேட்டஸ் இல்லாமல் இருந்துவிட்டு வெளியே கால் வைத்தால் பத்து வருஷத் தடை.

ஃபெலோஷிப் கிடைக்கவில்லை என்றால்? அப்போதும் சீட்டு வேண்டாம். கணக்கைப் பாருங்கள். இப்போது எடுத்தால் கையில் வருவது 4,100. உங்களுக்கு வேண்டியது 3,000. அதற்காக 900 டாலரை விட்டுக்கொடுத்துவிட்டு, மீதிப் பதின்மூன்று மாதமும் தவணை கட்ட வேண்டும். லாபத்தில் உங்கள் பங்கு மாதாமாதம் திரும்பும் என்றாலும் கோடைக்கு வாங்கும் கடனுக்கு இது பெரிய வட்டி. சீட்டு முடிவை நெருங்க நெருங்கத் தள்ளு குறையும் என்பது உங்களுக்கே தெரியும். அப்புறம், அந்தப் பேராசிரியரிடம் ஐந்து வாரம் மட்டும் வரலாமா என்று கேளுங்கள். அறை, சாப்பாடு, பெட்ரோல் எல்லாம் பாதியாகும். ஐந்து வாரத்தில் மண் மாதிரி எடுக்கவும் உலர்த்திச் சலிக்கவும் கருவியில் வைத்துப் பார்க்கவும் கற்றுக்கொண்டுவிடுவான். மீதியைப் பருவ காலத்தில் தொடரலாம்.

பருவ காலத்துக்கு நல்ல பணம் இருக்கிறது. உங்கள் வளாகம் கலிஃபோர்னியா காலேஜ் கார்ப்ஸ் திட்டத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 2022-ல் மாநில அரசு தொடங்கியது. ஒரு கல்வி ஆண்டில் 450 மணி நேரம் சமூகப் பணி செய்தால் 10,000 டாலர் வரை. ஏபி 540 தகுதி உள்ள ட்ரீமர் மாணவர்களும் சேரலாம். பருவநிலை, உணவுப் பற்றாக்குறை, பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருவது என்ற மூன்று துறைகளில் இடம் தருகிறார்கள். மண் படிக்கிற பையனுக்கு முதல் இரண்டும் படிப்போடு ஒட்டியவை. வாரத்துக்குப் பதினைந்து மணி நேரம் போல வரும், பாடச்சுமை பார்த்து முடிவெடுக்கட்டும்.

வளாகம் அதில் இல்லை என்றால் ட்ரீம் ஆக்ட் சர்வீஸ் இன்சென்டிவ் கிராண்ட் இருக்கிறது. கால் கிராண்ட் வாங்கும் ட்ரீம் ஆக்ட் மாணவர்களுக்காக மாநில மாணவர் உதவி ஆணையம் நடத்துவது. ஒரு செமஸ்டரில் 150 மணி நேரத் தொண்டு, அதற்கு 2,250 டாலர் வரை, வருஷத்துக்கு 4,500. இடங்கள் குறைவு. மாணவர் கணக்கில் உள்ளே போய் விருப்பம் தெரிவித்தால்தான் பெயர் வரும், தானாக வராது. கால் கிராண்டோடு விண்ணப்பமும் முடிந்தது என்று நினைத்து இதைத் தவறவிடும் பிள்ளைகள் நிறையப் பேர்.

கடன் வாங்கித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், சீட்டுக்கும் தனியார் கடனுக்கும் முன்னால் கலிஃபோர்னியா ட்ரீம் லோனைப் பாருங்கள். திட்டத்தில் சேர்ந்துள்ள அரசுப் பல்கலைக்கழக வளாகங்களில் வருஷத்துக்கு 4,000 வரை, மொத்தம் 20,000 வரை. படிக்கும் காலத்தில் வட்டி ஏறாது. தனியார் மாணவர் கடனுக்கு யாரையாவது ஜாமீன் கையெழுத்துப் போடச் சொல்லி நண்பர் வீட்டு வாசலில் நிற்காதீர்கள்.

இன்னொரு பயத்தையும் தீர்த்துவிடுகிறேன். வெளி உதவித்தொகை வந்தால் கல்லூரி தன் உதவியைக் குறைத்துவிடும் என்று பலர் சொல்வார்கள். ட்ரீம் ஆக்ட் உதவிக்குத் தகுதியான மாணவர்களுக்கு அப்படிக் குறைக்க ஏபி 288 சட்டம் வரம்பு போட்டிருக்கிறது. மொத்த உதவியும் கல்லூரி கணக்கிடும் வருஷச் செலவைத் தாண்டாதவரை கவலை இல்லை.

வரி விஷயம் சுருக்கமாக. ஃபெலோஷிப்பில் டியூஷனுக்கும் பாடப் புத்தகத்துக்கும் போகும் பகுதிக்கு வரி இல்லை. அறைக்கும் சாப்பாட்டுக்கும் போவது வருமானம். வேறு வருமானம் இல்லாத மாணவனுக்கு 3,000 டாலரில் கட்ட வேண்டிய மத்திய வரி எதுவும் வராது. ஆனால் அலுவலகத்தில் இவனை வெளிநாட்டு மாணவன் என்று நினைத்து 30 சதவீதம் வரை வரி பிடித்துவிடும் ஆபத்து உண்டு. இத்தனை வருஷம் இங்கேயே வசிப்பதால் வரிச் சட்டப்படி இவன் ரெசிடென்ட், அதைச் சொல்லிவிட வேண்டும். ஐடின் (ITIN, சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாதவர்களுக்கு வரித்துறை தரும் வரி எண்) ஏற்கெனவே இருந்தால் அதையே பயன்படுத்தட்டும். மூன்று வருஷம் தொடர்ந்து பயன்படுத்தாமல் விட்டால் அது காலாவதியாகும். எண்ணே இல்லை என்றால், புதிதாக விண்ணப்பிக்கும் முன் குடியேற்ற வக்கீல் ஒருவரிடம் பேசுங்கள். 2025 ஏப்ரலில் வரித்துறை, குடியேற்ற அமலாக்கத் துறையோடு தகவல் பகிர்வு ஒப்பந்தம் போட்டது. அதன் மேல் வழக்குகளும் நடந்தன. உங்கள் வீட்டு முகவரி சம்பந்தப்பட்ட முடிவு இது, என் பேச்சை மட்டும் கேட்டு எடுக்காதீர்கள்.

வேறு மாநிலங்களில் இருக்கும் வாசகர்கள் இந்தப் பதிலை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். டெக்சாஸில் 2001 முதல் இருந்த உள்மாநிலக் கட்டணச் சலுகை 2025 ஜூனில் ஒரே நாளில் நீதிமன்ற உத்தரவால் போனது. உங்கள் மாநில விதியை இந்த மாதத் தேதியில் பார்த்துவிட்டு அப்புறம் கணக்குப் போடுங்கள்.

கடைசியாக, சகோதரி: பூட்ஸுக்கு நீங்கள் தனியாகப் பணம் ஒதுக்க வேண்டியிருக்காது. மண் ஆய்வகங்களில் களத்துக்குப் போகும் மாணவர்களுக்கென்று பழைய பூட்ஸ் ஜோடிகள் அலமாரியில் கிடக்கும். மின்னஞ்சலில் கடைசி வரியாக, கால் அளவைச் சொல்லி அதையும் கேட்டுவிடச் சொல்லுங்கள்.