மான் வேட்டைக்கு எந்த அம்புத்தண்டு? - கடிதம்

வணக்கம்.

வில் வேட்டை பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படிக்கிறேன். இந்தப் பருவத்தில் முதல்முறையாக மான் வேட்டைக்கு உரிமம் வாங்கியிருக்கிறேன். என்னிடம் இருப்பது 60 பவுண்டு இழுவிசை உள்ள காம்பவுண்ட் வில் (கப்பிகள் வைத்த நவீன வில்), நாணை இழுக்கும் நீளம் 28 அங்குலம். அம்பு வாங்கப் போனால் தலை சுற்றுகிறது. கூட வருகிறவர்கள் "கார்பன் இழைத் தண்டுதான், அதிலும் எடை குறைந்ததாகப் பார்த்து வாங்கு" என்கிறார்கள். ஒரு பெரியவர் அலுமினியத்தைத் தவிர வேறெதையும் தொடமாட்டேன் என்கிறார். எனக்கோ மரத்தண்டின் மேல் ஆசை. எதை வாங்குவது? தண்டு எவ்வளவு நேராக இருக்கிறது என்பதற்கு நேர்த்தி 0.001 அங்குலம் என்று போட்டு விலை கூட்டி விற்கிறார்களே, அது தேவைதானா?

(பெயர் போட வேண்டாம். வீட்டில் பாதிப் பேர் சைவம்.)

*

அன்புள்ள நண்பருக்கு,

பெயர் போடவில்லை, கவலை வேண்டாம்.

மரத்தை முதலில் முடித்துவிடுகிறேன், அதில் பேச அதிகம் இல்லை. காம்பவுண்ட் வில்லில் மரத்தண்டைப் பூட்டாதீர்கள். நாண் விடுபடும் கணத்தில் அம்பின் பின்முனையில் விழும் அடியை மரம் தாங்காது. உடைந்தால் அந்தத் துண்டு போய்ச் செருகும் இடம் வில்லைப் பிடித்திருக்கும் உங்கள் கை. போர்ட் ஆர்ஃபோர்டு சீடர், சிட்கா ஸ்புரூஸ் எல்லாம் நீள்வில்லுக்கும் ரிகர்வ் வில்லுக்கும் (நுனிகள் எதிர்ப்பக்கம் வளைந்த, கப்பி இல்லாத வில்) அருமையான மரங்கள். ஆசை விடவில்லை என்றால் இன்னொரு வில் வாங்க வேண்டும். (வாங்குவீர்கள், பாருங்கள்.)

அடுத்து, "எடை குறைந்தது" என்ற அறிவுரை. எனக்கு இதில்தான் சண்டை. ஒரு வில் 400 கிரெயின் (அம்பின் எடையைச் சொல்லும் அலகு, ஒரு கிராமுக்குச் சுமார் 15 கிரெயின்) அம்பை நொடிக்கு 270 அடி வேகத்தில் விடுகிறது என்று வையுங்கள். அதே வில்லில் 500 கிரெயின் அம்பு சுமார் 243 அடி வேகத்தில் போகும். கணக்குப் போட்டால் இரண்டிலும் ஆற்றல் ஏறக்குறைய 65 அடி-பவுண்டுதான். மானுக்கு 25 முதல் 41 வரை போதும் என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் அளவு. ஆக, ஆற்றலில் குறையே இல்லை. உந்தம் (எடையையும் வேகத்தையும் பெருக்கி வருவது) மட்டும் கனமான அம்பில் எட்டில் ஒரு பங்கு கூடுகிறது. உள்ளே ஊடுருவி மறுபக்கம் வெளியே வருவதற்கு உதவுவது அதுதான்.

"வேகமாகப் போனால் மான் நகர்வதற்குள் பட்டுவிடுமே" என்பார்கள். 30 கஜத்தில் பாருங்கள். வேகமான அம்புக்கு 0.33 நொடி, கனமான அம்புக்கு 0.37 நொடி. நாணின் ஓசை 0.08 நொடியிலேயே மானின் காதுக்குப் போய்விடுகிறது. ஓடுவதற்காக அது முதலில் உடலைத் தாழ்த்தும், அம்பு முதுகுக்கு மேலே போகும். எந்த அம்பும் ஒலியை முந்தப் போவதில்லை. இந்த 0.04 நொடிக்காக உந்தத்தை விட்டுக்கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. மேலும், கனமான அம்பு வில்லின் ஆற்றலைக் கூடுதலாக வாங்கிக்கொண்டு போவதால் வில்லில் மிஞ்சும் அதிர்வும் சத்தமும் குறையும். இதற்கு நீங்கள் தரும் விலை ஒன்று உண்டு: தூரத்தைத் தப்பாகக் கணித்தால் கனமான அம்பு அதிகம் இறங்கிவிடும். அதனால் உங்களுக்கு 420 முதல் 480 கிரெயின் வரை, முனையோடு சேர்த்து. 30 கஜத்துக்கு மேல் விடவும் வேண்டாம்.

இனி அலுமினியமா, கார்பனா. அந்தப் பெரியவரைக் குறைத்து எடைபோடாதீர்கள். அலுமினியத் தண்டுகள் ஒன்றுக்கொன்று எடையில் மிகவும் நெருங்கி இருக்கும், தானாகவே கனமும் உண்டு. 2117 என்று அச்சிட்ட தண்டு என்றால் விட்டம் 64-இல் 21 பங்கு அங்குலம், சுவரின் தடிமன் அங்குலத்தில் ஆயிரத்தில் 17 பங்கு. எண்ணிலேயே எல்லாம் இருக்கிறது. ஆனால் அது வளையும். இலக்கில் இருந்து கோணலாக இழுத்தாலே போதும். லேசான வளைவு கண்ணுக்குத் தெரியாது. உள்ளங்கையில் முனையை ஊன்றிச் சுழற்றினால் கைக்குத் தெரியும். பயிற்சி முனையில் அந்த வளைவு பெரிதாகக் காட்டாது. அகன்ற வேட்டை முனையைப் பூட்டியதும் அம்பு எங்கோ போகும், பின்னால் இருக்கும் இறகுகளைப் போல முன்னால் இருக்கும் அதன் வெட்டுத் தகடுகளும் காற்றைப் பிடிக்கின்றன அல்லவா?

கார்பனுக்கு வளைந்தே நிற்கும் குணம் கிடையாது. ஒன்று நேராக இருக்கும், இல்லை உடைந்திருக்கும். சிக்கல் இரண்டுக்கும் நடுவில்: விரிசல் விட்டும் நேராகவே தெரியும் தண்டு. அதைப் பூட்டி நாணை விட்டால் கைக்குள் கார்பன் சிலாம்பு ஏறும். எங்காவது மோதிய அம்பைத் திரும்ப எடுத்தால் இரு முனைகளையும் பிடித்து, முகத்தில் இருந்து தள்ளி, மெல்ல வளையுங்கள். கொஞ்சம் உருட்டி மறுபடி வளையுங்கள், முழுச் சுற்றும் வரும்வரை. 'கிறுக்' என்று சின்னச் சத்தம் கேட்டாலும் தூக்கிப்போடுங்கள். அப்புறம் ஒரு பஞ்சை எடுத்துத் தண்டு நெடுகத் தேயுங்கள். இழை பிரிந்திருந்தால் பஞ்சு மாட்டிக்கொள்ளும். நாண் மாட்டும் முனையைச் சுற்றி மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் இதைச் செய்யப் பொறுமை இல்லாதவருக்கு நான் அலுமினியத்தைத்தான் சொல்வேன்.

மானுக்குள் கார்பன் தண்டு உடைந்தால் துண்டுகள் எல்லாம் கிடைத்துவிட்டதா என்று பொருத்திப் பாருங்கள். காயத் தடத்தைச் சுற்றி இருக்கும் இறைச்சியைத் தாராளமாக வெட்டி எறிந்துவிடுங்கள். அந்த இழைகள் வயிற்றுக்குள் போகக்கூடாது. கார்பன் மேல் அலுமினிய உறை போட்ட கலவைத் தண்டுகளும் வருகின்றன. கனம் கிடைக்கும், ஆனால் உறை வளையும். எனக்கு அவ்வளவு பிடிப்பில்லை.

ஆகவே உங்களுக்குக் கார்பன், அங்குலத்துக்கு 9 அல்லது 10 கிரெயின் எடையில். விறைப்பு எண்ணில் மட்டும் கோட்டைவிடாதீர்கள். 28 அங்குல இடைவெளியில் தண்டைத் தாங்கி, நடுவில் 1.94 பவுண்டு தொங்கவிட்டால் அது எவ்வளவு தொய்கிறது என்பதே அந்த எண். 400 என்றால் 0.400 அங்குலம். எண் குறையக் குறைய விறைப்பு கூடும். உங்கள் வில்லுக்கு 400 அல்லது 340 வரும். 100 கிரெயின் முனையோடு, தண்டும் குட்டையாக வெட்டினால் 400. முனையைக் கனமாக்கினாலோ தண்டை நீளமாக விட்டாலோ 340 பக்கம் போங்கள். தயாரிப்பாளரின் அட்டவணையில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். எந்த முனையோடு வேட்டைக்குப் போகிறீர்களோ அதே முனையோடு பயிற்சியும் செய்ய வேண்டும். முனையின் அகலம், வில்லின் குறைந்தபட்ச இழுவிசை பற்றி உரிமத்தோடு வரும் விதிகளையும் படித்துவிடுங்கள், இடத்துக்கு இடம் மாறும்.

0.001 நேர்த்தி? 30 கஜத்துக்குள் 0.003-க்கும் அதற்கும் உங்கள் கைக்கு வித்தியாசம் தெரியாது. மிச்சமாகும் பணத்தில் பயிற்சிக்கென்று தனியாக அதே முனைகள் இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். பயிற்சியில் மழுங்கியவற்றோடு காட்டுக்குப் போகக்கூடாது.