பாண்டா மாறலாம், கழுகு மாறலாமா?

வெள்ளி புல்லியன் நாணயங்களின், அதாவது உலோகத்தின் மதிப்புக்காக வாங்கப்படும் நாணயங்களின், வடிவமைப்பு மாறுவதைப் பற்றி வந்த கடிதங்களில் நான்கிற்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: சில நாடுகள் ஓர் அவுன்ஸ் வெள்ளி நாணயத்தின் படத்தை ஆண்டுதோறும் மாற்றுகின்றன. வேறு சில, ஒரே படத்தையே வைத்திருக்கின்றன. உள்ளே இருக்கும் வெள்ளி ஒன்றுதான் என்னும்போது, சேகரிப்பாளர்கள் எதை விரும்புகிறார்கள்?

பதில்: அவர் எதற்காகச் சேர்க்கிறார் என்பதைப் பொறுத்தது. எடைக்காக வெள்ளி வாங்கி வைப்பவருக்கு மாறாத படமே நிம்மதி. 2008 முதல் வெளிவரும் ஆஸ்திரியாவின் வியன்னா ஃபில்ஹார்மோனிக் வெள்ளி நாணயத்தில் ஆண்டு எண் மாறுகிறதே தவிர, ஒருபக்கத்து இசைக்கருவிகளும் மறுபக்கத்து ஆர்கனும் அப்படியே இருக்கின்றன. பார்த்தவுடன் அடையாளம் தெரிவதால், விற்பவரும் வாங்குபவரும் எடையையும் அன்றைய வெள்ளி விலையையும் மட்டும் பேசினால் போதும். ஆஸ்திரேலியாவின் பெர்த் நாணயச்சாலை 1990 முதல் வெளியிடும், கூக்கபுரா என்ற பறவையின் படமுள்ள நாணயத்தைத் தேடுபவரோ வேறு ஆள். பறவை அதே பறவைதான். அது அமரும் கிளையும் தலை திரும்பும் விதமும் இந்த ஆண்டு எப்படி இருக்கும் என்று அவர் காத்திருப்பார்.

இந்த விஷயத்தில் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வது சீனப் பாண்டாவைத்தான். 1982-இல் தங்கத்திலும் அடுத்த ஆண்டு வெள்ளியிலும் தொடங்கிய அந்த வரிசையில் கரடியின் தோற்றம் ஆண்டுக்கு ஆண்டு மாறி வந்தது. 2001-ஆம் ஆண்டின் படத்தையே 2002-லும் அச்சிட்டு, இனி ஒரே படம் என்ற நிலைக்கு வரப் பார்த்தார்கள். சேகரிப்பாளர்கள் கடுமையாக முகம் சுளித்தார்கள். 2003-இல் புதிய படம் வந்தது. பழைய வழக்கம் திரும்பியது. அவர்கள் கேட்டது நியாயம் என்றே நான் கருதுகிறேன். ஆண்டுதோறும் மாறும் என்ற நம்பிக்கையில்தான் அவர்கள் வெள்ளியின் மதிப்புக்கு மேல் பிரீமியம் கொடுத்து ஒவ்வோர் ஆண்டும் வாங்கிவந்தார்கள். ஆனாலும், படம் மாறியதாலேயே ஒரு நாணயம் பின்னாளில் விலை ஏறிவிடாது. அந்த ஆண்டு எத்தனை அச்சிடப்பட்டன, இன்று எத்தனை பேர் தேடுகிறார்கள், எந்த நிலையில் காப்பாற்றப்பட்டிருக்கிறது என்பவைதான் விலையைத் தீர்மானிக்கின்றன. படம் மனத்துக்குப் பிடித்திருந்தால் பிரீமியம் கொடுங்கள். பிடிக்காத ஆண்டை வரிசை நிரப்புவதற்காக மட்டும் வாங்கிப் பிறகு வருந்தியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: என்னிடம் உள்ள 2015-ஆம் ஆண்டுப் பாண்டா நாணயத்தில் எடையோ தூய்மையோ பொறிக்கப்படவில்லை. போலியாக இருக்குமோ என்று அஞ்சுகிறேன்.

பதில்: அந்தக் காரணத்துக்காக அஞ்ச வேண்டாம். 2015-இல் வெளியான பாண்டாக்களில் அந்த எழுத்துகளை நாணயச்சாலையே விட்டுவிட்டது. அடுத்த ஆண்டு அவை திரும்பி வந்தன. ஆனால் அப்போது எடையே மாறியிருந்தது. அதுவரை ஒரு ட்ராய் அவுன்ஸ், அதாவது சுமார் 31.1 கிராம் இருந்த நாணயம் 2016 முதல் சரியாக 30 கிராம் ஆனது. எனவே உங்களுடையதைத் தராசில் வைத்தால் 31.1 கிராமை ஒட்டி நிற்க வேண்டும். அதற்குக் குறைந்தால், விவரம் அறிந்த ஒருவரிடம் காட்டுவது நல்லது. படத்தில் எந்த மாற்றத்தையும் நான் வரவேற்பேன். எடையையும் தூய்மையையும் நீக்குவதை மட்டும் ஏற்க மாட்டேன். புல்லியன் நாணயம் தன்னைப் பற்றித் தானே சொல்ல வேண்டிய செய்தி அது.

கேள்வி: அமெரிக்க வெள்ளிக் கழுகு நாணயங்களை 1986 முதல் சேர்த்து வருகிறேன். 2021-இல் பின்பக்கம் மாறியபோது என் வரிசை உடைந்துவிட்டதாக உணர்ந்தேன். நிறுத்திவிடலாமா?

பதில்: உங்கள் வருத்தம் புரிகிறது. ஜான் மெர்க்கன்டி வடித்த, மார்பில் கேடயம் தாங்கிய கழுகு முப்பத்தைந்து ஆண்டுகளாக நம் கண்ணுக்குப் பழகிப்போனது. 2021-இன் நடுவில் அதன் இடத்துக்கு எமிலி டாம்ஸ்ட்ராவின் கழுகு வந்தது. கூட்டில் சேர்ப்பதற்காக ஓக் மரக் கிளையொன்றைப் பற்றிக்கொண்டு இறங்கும் பறவை அது. முன்பக்கத்தில் அடால்ஃப் வைன்மன் 1916-இன் அரை டாலருக்காக வடித்த நடக்கும் சுதந்திர தேவி நீடிக்கிறாள். அவளுடைய ஆடை மடிப்புகள் முன்னைவிடத் துல்லியமாகியிருக்கின்றன.

இரு வகைகளிலும் ஒவ்வொன்றை எடுத்து, விளிம்பை விளக்கொளியில் மெல்லச் சுழற்றிப் பாருங்கள். பழையதில் வரிகள் சுற்றிலும் ஒரே சீராக ஓடும். புதியதில் ஓரிடத்தில் வரி விடுபட்டு, அங்கே ஒளி சற்றே வழுக்கும். அது குறையன்று, போலிகளைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றே வைத்த அடையாளம். காரணத்தோடு வந்த மாற்றம் என்பதால் எனக்கு அதில் மனக்குறை இல்லை. உங்கள் வரிசை உடையவும் இல்லை. 1986-இல் தொடங்கிய பகுதி 2021-இல் முழுமை பெற்றிருக்கிறது. அந்த ஓராண்டில் இரண்டு வகைகளும் வெளியானதால், இரண்டையும் அருகருகே வைத்து முடியுங்கள். அதற்குமேல் தொடர்வது உங்கள் விருப்பம்.

கேள்வி: பிரிட்டனின் பிரிட்டானியா நாணயத்தில் புதிது புதிதாகக் கோடுகளும் அலைகளும் சேர்க்கிறார்கள். படத்தின் அழகு கெடவில்லையா? மன்னரின் முகம் வந்த பிறகு அரசியார் இரண்டாம் எலிசபெத்தின் முகமுள்ளவை அரிதாகிவிடுமா?

பதில்: முதல் முறை பார்த்தபோது நானும் தயங்கினேன். 2021 முதல் வரும் பிரிட்டானியாவைக் கையில் எடுத்துச் சாய்த்தால், கீழ்மூலையில் தெரியும் பூட்டு சட்டென்று திரிசூலமாகிறது. பின்னணி அலைகள் அசைவதுபோல் தோன்றுகின்றன. பிலிப் நேத்தன் வடித்த பழைய பிரிட்டானியா உருவம் இவற்றுக்கு நடுவே கம்பீரமாகவே நிற்கிறது. கனடாவின் மேப்பிள் இலை நாணயத்தில் 2014-இல் சேர்ந்த கதிர்க்கோடுகளைப் பலரும் முதலில் குறை சொன்னார்கள். வெறும் பளபளப்பான பரப்பைவிடக் கீறல் அதில் குறைவாகத் தெரிகிறது என்பது என் அனுபவம்.

அரசியார் முகம் அரிதாகும் என்று எதிர்பார்க்காதீர்கள். எண்ணிக்கை மிகப் பெரிது. 2023-ஆம் ஆண்டு பொறித்த பிரிட்டானியாக்களே முதலில் அவர் முகத்தோடும் பிறகு மூன்றாம் சார்லஸ் முகத்தோடும் வெளியாயின. அரசியார் வலப்பக்கம் பார்ப்பார், மன்னர் இடப்பக்கம் பார்ப்பார். அந்த ஓராண்டின் இணையை மட்டும் எடுத்துவைப்பது, பெரிய செலவில்லாமல் ஒரு மாற்றத்தின் இரு கரைகளையும் கையில் வைத்திருப்பதாகும்.