ஒரு மைல் ஓட்டம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 36. ஐந்து மாதங்களாகப் பயிற்சியாளர் எவருமின்றி மைல் ஓட்டத்துக்காக என்னைத் தயார் செய்து வருகிறேன். ஆறு நிமிடத்துக்குள் ஓட வேண்டும் என்பது இலக்கு. வாரம் மூன்று நாள் மைதானத்துக்குச் சென்று ஒரு மைலை முழு வேகத்தில் ஓடி நேரத்தைக் குறித்துக்கொள்கிறேன். மகளும் உடன் வந்து ஓரமாக அமர்ந்திருப்பாள். இரண்டு மாதங்களாக 6 நிமிடம் 40 நொடியிலேயே நிற்கிறேன். சென்ற வாரம் 400 மீட்டர் சுற்றுகள் நான்கும் முறையே 88, 99, 109, 102 நொடிகள். மிச்சமுள்ள ஒன்பது மீட்டருக்கு 2 நொடி. மூன்றாவது சுற்றில் கால்கள் கல்லாகிவிடுகின்றன. இது தசையில் சேரும் லாக்டிக் அமிலத்தாலா, மூச்சுவிடும் முறையில் தவறா, எடை குறைந்த காலணி வாங்க வேண்டுமா? இங்கிலாந்து ஓட்டக்காரர் ரோஜர் பானிஸ்டர் தனக்குத்தானே பயிற்சி அளித்துக்கொண்டுதானே மைல் ஓட்டத்தின் நான்கு நிமிடத் தடையை முதன்முதலாக உடைத்தார்?

ச.

அன்புள்ள ச.,

உங்கள் கடிதம் வந்த அன்று என்னுடைய பழைய பயிற்சிக் குறிப்பேட்டைத்தான் புரட்டிக்கொண்டிருந்தேன். அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

மூச்சை அதன் போக்கில் விட்டுவிடுங்கள். அந்த வேகத்தில் அதற்கு நீங்கள் கற்றுக்கொடுக்க ஒன்றுமில்லை. லாக்டிக் அமிலத்தை எல்லோரும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறார்கள், ஆனால் ஓடும்போது உடலில் அந்த அமிலம் இருக்கும் வடிவமான லாக்டேட்டைத் தசைகளே எரிபொருளாகவும் பயன்படுத்திக்கொள்கின்றன. காலணி கடிக்காமல் இருந்தால் போதும்.

நீங்கள் அனுப்பிய நான்கு எண்களிலேயே விடை இருக்கிறது. மைல் என்பது 1609 மீட்டர். அதை ஆறு நிமிடத்தில் ஓட 400 மீட்டர் சுற்று ஒன்றுக்கு ஏறத்தாழ 89.5 நொடி ஆக வேண்டும். இன்று 6.40 ஓடுகிற நீங்கள், முதல் சுற்றை 88 நொடியில், அதாவது என்றோ அடைய வேண்டிய வேகத்தையும் தாண்டி ஓடியிருக்கிறீர்கள். மூன்றாவது சுற்றில் கல்லான கால்கள் முதல் சுற்றிலேயே கல்லாகத் தொடங்கிவிட்டன.

இதைவிடப் பெரிய தவறு ஒன்று இருக்கிறது. வாரம் மூன்று முறை முழு மைலை முழு வேகத்தில் ஓடுவதைப் பயிற்சி என்கிறீர்கள். அது தேர்வு. வாரம் மூன்று தேர்வு எழுதும் மாணவன் பாடம் படிப்பது எந்த நாளில்? ஆறு நிமிடம் நீடிக்கும் ஓட்டத்துக்கு வேண்டிய ஆற்றலில் முக்கால் பங்குக்கும் மேல் ஆக்ஸிஜனைக் கொண்டே உருவாகிறது. அதற்கான இதயத்தையும் தசைகளின் நுண் இரத்தக்குழாய்களையும் வளர்ப்பது, பேசிக்கொண்டே ஓடக்கூடிய மெதுவான, நீண்ட ஓட்டம். அதை வாரத்தில் மூன்று நான்கு நாள் ஓடுங்கள். ஒரு நாள் மட்டும் 200 மீட்டரை 45 நொடியில் ஓடி, அடுத்த 200 மீட்டரை நடந்து, இப்படி ஆறு முறை செய்யுங்கள். ஆறு நிமிட மைலின் வேகம் அதுதான். கால்கள் அதை மூச்சுத் திணறாமல் பழகிக்கொள்ளட்டும். முழு மைலை ஆறு வாரத்துக்கு ஒரு முறை ஓடினால் போதும். மெதுவாக ஓட வெட்கமாக இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. அந்த வெட்கம் எனக்கு எட்டு வாரத்தைத் தின்றது, அதற்கு வருகிறேன்.

பானிஸ்டர் கதையில் பாதியைத்தான் சொல்கிறீர்கள். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 1500 மீட்டரில் அவர் நான்காவதாக வந்தது உண்மையாகவே தன்வழிப் பயிற்சியில். 1954 மே 6 அன்று ஆக்ஸ்ஃபோர்டில் 3 நிமிடம் 59.4 நொடியில் ஓடியபோது, முன்னால் ஓடி வேகத்தைப் பிடித்துக்கொடுக்க சக ஓட்டக்காரர்களான பிராஷரும் சாட்டவேயும் இருந்தார்கள். காற்று பலமாக வீசுகிறதே என்று தயங்கியவரை, ரயிலில் உடன் வந்து முயன்றுபார்க்கச் சொன்னவர் ஃபிரான்ஸ் ஸ்டாம்ப்ஃபிள் என்னும் பயிற்சியாளர். அந்த வசந்தத்தில், பத்து முறை ஓடும் கால் மைல் (ஏறத்தாழ 400 மீட்டர்) ஓட்டங்களை 61 நொடிக்குக் கீழே கொண்டுவர முடியாமல் பானிஸ்டர் உங்களைப் போலவே தேங்கி நின்றார். அப்போது அவர் செய்தது இன்னும் கடுமையாக ஓடுவதன்று. பிராஷருடன் ஸ்காட்லாந்துக்குச் சென்று சில நாள் மலையேறினார். திரும்பி வந்ததும் 59 நொடியில் ஓடினார்.

எனக்கு அந்த அறிவு இல்லை. 29 வயதில் 5.31இலிருந்து 5.20க்கு இறங்க நானும் தனியாகப் பயின்றேன். குறிப்பேட்டில் ஒரு பக்கம் இன்னும் அப்படியே இருக்கிறது: மூன்று வாரமாக ஒவ்வொரு நாளும் 'இடது கணைக்காலில் இலேசான வலி' என்று எழுதி, அடுத்த வரியிலேயே மறுநாளைக்கான கடும்பயிற்சியை எழுதியிருக்கிறேன். வலியை எழுதிய கைதான் கட்டளையையும் எழுதியது. ஓடுபவன் சொன்னதைப் பயிற்சியாளன் கேட்கவில்லை. இருவரும் நானே என்பதால் இருவருமே பொய் சொன்னார்கள்.

ஓட்டத்தைப் பற்றி ஒன்றும் அறியாத என் தங்கை அப்படியொரு நாள் ஸ்டாப்வாட்ச் பிடித்துக்கொண்டு நின்றாள். பத்து முறை 400 மீட்டர் ஓடுவதாகத் திட்டம். ஆறாவது முடிந்ததும் அவள் சொன்னாள்: "அண்ணா, ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடுகிறாய். போதும், வா." நேரத்தை மட்டும் சொல் என்று அவளிடம் எரிந்து விழுந்தேன். ஒன்பதாவதில் கால் ஊன்ற முடியாமல் வளைவிலேயே உட்கார்ந்தேன். கணைக்கால் எலும்பில் கீறல் விழுந்திருந்தது. அந்த எட்டு வாரம் போனது இப்படித்தான். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். எனக்கு என் காலே தெரிந்திருக்கவில்லை.

எவ்வளவு ஓட வேண்டும் என்று சொல்ல ஆள் தேவையில்லை, அட்டவணைகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. எப்போது நிறுத்த வேண்டும் என்று சொல்லத்தான் ஆள் வேண்டும். உங்களுக்கோ அந்த ஆள் மைதானத்தின் ஓரத்தில் ஐந்து மாதமாகச் சும்மா அமர்ந்திருக்கிறாள்!

ஆறு வாரம் கழித்து மைல் ஓடும் அன்று கடிகாரத்தை மகளிடம் கொடுத்துவிடுங்கள். முதல் சுற்றை 97 நொடியில் ஓடுங்கள். அது 95க்குக் கீழே வந்தால் "அப்பா, நில்லுங்கள்" என்று கத்தச் சொல்லியிருங்கள். அவள் கத்தினால் நின்றுவிட வேண்டும். நான்கு சுற்றுக்கும் அவள் குறித்த எண்களை எனக்கு எழுதுங்கள்.