வாக்ஸ் போடுறதுக்கு முன்னாடி பெயிண்ட்டை எப்படித் தயார் பண்ணணும்? கேள்வி பதில்

ஆயுத பூஜையும் வடகிழக்குப் பருவமழையும் அடுத்தடுத்து வருது. வருஷத்துல ஒரே ஒரு தடவைதான் காருக்கு வாக்ஸ் போடுவேன்னா, அதுக்குச் சரியான நேரம் இதுதான். கேட்கும்போது கார் என்ன நிறம், வெயில்ல நிக்குதா நிழல்லயா, எந்தத் தண்ணில கழுவுறீங்க, இந்த மூணையும் சொல்லிடுங்க. அதைப் பொறுத்துத்தான் பதில் மாறும்.

கோவை, வெள்ளை ஸ்விஃப்ட், ஷெட்டில் நிக்குது: அண்ணா, வாக்ஸும் பாலிஷும் ஒண்ணுதானே? சில டப்பாவுல ரெண்டு பெயரையும் சேர்த்தே போட்டிருக்கு.

ஒண்ணு இல்ல தம்பி, நேர் எதிர். பாலிஷ் பெயிண்ட்டைத் தேய்ச்சுக் கொஞ்சம் எடுக்கும். வாக்ஸ் மேலே ஒரு படலமா உட்காரும். இப்போ வர்ற கார்கள்ல நிறத்துக்கு மேலே கிளியர் கோட்னு நிறமில்லாத ஒரு அடுக்கு இருக்கும். தடிமன் பொதுவா 35லிருந்து 50 மைக்ரான், ஒரு தலைமுடி அளவு கூட இல்லை. வெயிலோட புற ஊதாக் கதிரைத் தாங்குறது அந்த அடுக்குதான். ஒவ்வொரு தடவை கம்பவுண்ட் (கரடான பாலிஷ்) போடும்போதும் அதுல சில மைக்ரான் போயிடும், போனது திரும்பி வராது. அதனால கீறல் இருந்தா மட்டும் பாலிஷ். வாக்ஸ் எத்தனை தடவை வேணும்னாலும் போடலாம்.

ரெண்டும் சேர்ந்த டப்பா க்ளீனர் வாக்ஸ். பெயிண்ட்டைத் தேய்ச்சு எடுக்கிற மென்மையான தூள் கொஞ்சம் கலந்திருக்கும். உங்க வெள்ளைக் காருக்கு வருஷம் ஒரு தடவை போதும், மாசாமாசம் வேண்டாம்.

மதுரை, கறுப்பு கிரெட்டா, பேஸ்மென்ட் பார்க்கிங்: சார், முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் வரிசையாச் சொல்லுங்க. ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க ஒதுக்கி வெச்சிருக்கேன்.

நிழல்ல நிறுத்தி, பானெட் மேல புறங்கையை வெச்சுப் பாருங்க. சூடு தெரிஞ்சா ஆறுற வரைக்கும் எதையும் தொடாதீங்க. முதல்ல சக்கரமும் வீல் ஆர்ச்சும், அதுக்குத் தனி வாளி, தனி துணி. பிரேக் தூள்ல இரும்பு இருக்கு, அது பட்ட துணி பெயிண்ட் பக்கமே வரக்கூடாது.

அடுத்து வெறும் தண்ணியை மேலேர்ந்து கீழே நல்லா அடிச்சு, உதிர்ற மண்ணை எல்லாம் உதிர்த்துடுங்க. இதை அவசரமா முடிச்சா அடுத்து நீங்க தேய்க்கிறது மண்ணைத்தான். ரெண்டு வாளி வேணும், ஒவ்வொண்ணுலயும் பத்து லிட்டர் தண்ணி. ஒண்ணுல கார் ஷாம்பூ, அளவு பாட்டில்ல போட்டிருக்கிறபடி. இன்னொண்ணு வெறும் தண்ணி. மைக்ரோஃபைபர் கையுறையை ஷாம்பூவுல நனைச்சு ஒரு பேனல் கழுவுங்க, வெறும் தண்ணில அலசிப் பிழிஞ்சுட்டு மறுபடி ஷாம்பூ. கூரையில ஆரம்பிச்சு, கதவோட கீழ்ப்பாதியும் பின் பம்பரும் கடைசி. வட்டமாத் தேய்க்காம நேர்கோட்டுல போங்க. பாத்திரம் கழுவுற லிக்விடை வழக்கமா பயன்படுத்தாதீங்க, போட்ட வாக்ஸைக் கழட்டிடும்.

துடைச்சு முடிச்சதும் ஒரு மெல்லிய பாலிதீன் கவரைக் கையில மாட்டி பானெட்டைத் தடவுங்க. வெறும் விரலுக்கு வழுவழுன்னு தெரியுற இடம் கவருக்குள்ளே சொரசொரன்னு தெரியும். அது தார்த் துளி, மரப் பிசின், பறந்து வந்து ஒட்டின இரும்புத் தூள். ஷாம்பூவுக்கு இது போகாது. தார் இருக்கிற இடத்துல தார் ரிமூவர் ஒரு நிமிஷம் ஊறவிட்டுத் துடைங்க. ரயில் பாதை, லேத் பட்டறை பக்கம் நிக்கிற கார்னா இரும்பு ரிமூவர் அடிங்க. இரும்பு இருந்தா திரவம் ஊதா நிறமா மாறும். பெயிண்ட்லயே காயவிடாம அலசிடுங்க.

மிச்சம் இருக்கிறதுக்கு க்ளே பார், அதாவது ஒட்டின அழுக்கை இழுத்து எடுக்கிற களிமண் மாதிரி கட்டி. 100 கிராம் கட்டியைப் பாதியாக்கி, ஒரு பாதியைத் தட்டையா அமுக்கிக்கோங்க. ரெண்டடிக்கு ரெண்டடி இடத்துல ஷாம்பூத் தண்ணி தாராளமா அடிச்சு, கையோட எடை மட்டும் படுற மாதிரி முன்னும் பின்னும் இழுங்க. முதல்ல உராயுற சத்தம் கேட்கும், போகப் போக வழுக்கும். அழுக்கான பக்கத்தை உள்ளே மடிச்சுக்கோங்க. க்ளே கீழே விழுந்தா யோசிக்காம குப்பையில போடுங்க, அதுல ஒட்டின மணலை எடுக்கவே முடியாது. கறுப்புக் கார்ல க்ளே போட்டதும் மெல்லிய மங்கல் தெரியலாம், நைஸான பாலிஷ் ஒரு தடவை கொடுத்தா போயிடும்.

பாலிஷ் போட்டா அதுல இருக்கிற எண்ணெய் கீறலை மறைச்சு நல்லா வந்துட்ட மாதிரி காட்டும். மருந்துக்கடையில கிடைக்கிற 70 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹால் ஒரு பங்கு, பெட்ரோல் பங்க்கில் விக்கிற பேட்டரி தண்ணி (டிஸ்டில்டு வாட்டர், ஆசிட் இல்லை) மூணு பங்கு கலந்து அடிச்சுத் துடைங்க. எண்ணெய் போன பிறகு தெரியுறதுதான் நிஜமான பெயிண்ட். வாக்ஸுக்குப் பதிலா சீலன்ட் (செயற்கைப் பாதுகாப்புப் படலம்) போடப் போறீங்கன்னா இதைக் கட்டாயம் செய்யணும்.

இப்போதான் வாக்ஸ். ஃபோம் பேட்ல ஒரே ஒரு தீற்று எடுத்துப் பேனல் முழுக்கப் பரப்புங்க. சாய்ச்சுப் பார்த்தா லேசா மங்கலாத் தெரிஞ்சா போதும். நிறைய பேர் தப்பு பண்ணுற இடம் இதுதான்: கனமாப் போட்டா அதிகம் பாதுகாக்காது, காயாது, துடைக்கும்போது இழுக்கும், கோடு கோடா நிக்கும். விரலால ஒரு கோடு இழுத்துப் பாருங்க. சுத்தமா வந்தா துடைக்கலாம், பிசுபிசுன்னா இன்னும் காத்திருங்க. ஈரக்காத்து இருக்கிற நாள்ல டப்பாவுல போட்டிருக்கிற நேரத்தை விடக் கூடவே ஆகும். எடுக்கிறதுக்கு 300, 400 ஜி.எஸ்.எம். (துணியோட கனத்தைச் சொல்ற அளவு) மைக்ரோஃபைபர் நாலு துணியாவது வெச்சுக்கோங்க.

சென்னை, அடர்நீல பலேனோ, வெளியே நிக்குது: பிரதர், பானெட்ல சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமா கீறல். வெயில்ல பார்க்கவே முடியல. எந்த வாக்ஸ் போட்டா போகும்?

எந்த வாக்ஸுக்கும் போகாது. எண்ணெய் அதிகம் இருக்கிற வாக்ஸ் ரெண்டு வாரம் மறைக்கும், அவ்வளவுதான். ஆனா பாலிஷ் போடுறதுக்கு முன்னாடி, இது எங்கேர்ந்து வந்துச்சுன்னு பாருங்க. அபார்ட்மென்ட்ல தினமும் காலையில ஒருத்தர் ஒரு வாளித் தண்ணியும் ஒரு துணியும் வெச்சு இருபது கார் துடைக்கிறாரா? மூணாவது கார்லயே அந்தத் தண்ணி சேறு. உங்க கார் பதினைஞ்சாவதா இருந்தா, தினமும் காலையில உங்க கிளியர் கோட்டை மணலால தேய்ச்சிட்டிருக்காங்கன்னு அர்த்தம். அவர் மேல குத்தம் இல்லை, தண்ணியும் நேரமும் அவருக்குக் கிடைக்கிறதே அவ்வளவுதான். சம்பளத்தைக் குறைக்காதீங்க. "அண்ணே, கண்ணாடி மட்டும் தினமும் துடைங்க, வாரம் ஒரு நாள் பைப்ல தண்ணி அடிச்சு முழுசாக் கழுவுங்க"ன்னு சொல்லி, கையுறையும் துணியும் நீங்களே வாங்கிக் கொடுங்க. காய்ஞ்ச தூசியைத் தட்டுற பிரஷ்ஷையும் நிறுத்துங்க. வெளியே நிக்கிற காருக்குக் கவர் போடுறதும் இதே சேதம்தான், தூசி மேல கவர் காத்துல ஆடி ஆடி உரசும்.

அதை நிறுத்தின பிறகு ஒரு தடவை பாலிஷ் போட்டா, அது வருஷக்கணக்கா நிக்கும். நிறுத்தாம போட்டா மூணு மாசத்துல பழையபடி ஆயிடும், கிளியர் கோட் மட்டும் குறைஞ்சிருக்கும்.

அதே கேள்வியின் தொடர்ச்சி: ஆன்லைன்ல மலிவா சுத்துற பாலிஷிங் மிஷின் வருதே, வாங்கலாமா?

ஒரே அச்சுல சுத்துற ரோட்டரின்னா, பழக்கம் இல்லாத கையில வேண்டாம். ஒரே இடத்துல சூடு ஏத்தும், பானெட் விளிம்புல ரெண்டு வினாடி நின்னாலே அடிப்பெயிண்ட் தெரிஞ்சுடும். டி.ஏ. (டூயல் ஆக்ஷன்) பாலிஷர் வாங்குங்க, சுத்திக்கிட்டே ஆடும், அழுத்தினா நின்னுடும், அதனால ஆபத்து குறைவு. பேட்ல பட்டாணி அளவு நாலு சொட்டு, ரெண்டடி சதுரம், முதல்ல மெதுவாப் பரப்பிட்டு, ஆறு வேகம் இருக்கிற மிஷின்னா நாலு இல்லை அஞ்சுல வெச்சு, குறுக்கும் நெடுக்குமா நாலஞ்சு நடை. கை வேகம் வினாடிக்கு ஒரு அங்குலம். கூர்மையான விளிம்புக்கும் பிளாஸ்டிக்குக்கும் மாஸ்கிங் டேப் ஒட்டிடுங்க. எப்பவும் மென்மையான பேடும் மென்மையான பாலிஷும் வெச்சு ஒரு சின்ன இடத்துல சோதிச்சுட்டு, பத்தலைன்னா மட்டும் கடினமானதுக்குப் போங்க. நகம் மாட்டுற கீறலை விட்டுடுங்க. அது ரொம்ப ஆழமாப் போயிருக்கும், துரத்துனா ஓட்டைதான் விழும்.

திருப்பூர், சாம்பல் வென்யூ, போர் தண்ணி: சார், கழுவினதும் வெள்ளை வெள்ளையா புள்ளி. ஷாம்பூவுக்கும் போக மாட்டேங்குது. ஆர்.ஓ. மிஷின் கழிவுத் தண்ணியிலதான் கழுவுறோம், போர் தண்ணியை விட நல்லதுதானே?

அதுதான் ரொம்ப மோசம். ஆர்.ஓ. பிரிச்ச உப்பு மொத்தமும் அந்தக் கழிவுத் தண்ணியிலதான் இருக்கு. வாசல் தெளிக்கப் பயன்படுத்துங்க, காருக்கு வேண்டாம். போர் தண்ணில கழுவுறதுல தப்பில்லை, தானா காயவிடுறதுதான் தப்பு. தண்ணி ஆவியாகும், கால்சியமும் மெக்னீசியமும் பெயிண்ட்லயே தங்கிடும். பேனல் பேனலா அலசி உடனே ஒத்தி எடுங்க. கடைசி அலசலுக்கு ஒரு வாளி மழைத் தண்ணி கிடைச்சா ரொம்ப நல்லது.

இருக்கிற புள்ளிக்கு: மளிகைக் கடை வெள்ளை வினிகர் ஒரு பங்கு, பேட்டரி தண்ணி ஒரு பங்கு. பெயிண்ட் குளிர்ந்திருக்கணும். துணியை நனைச்சு ஒண்ணு ரெண்டு நிமிஷம் மேலே போட்டு வெச்சு, எடுத்து நிறைய தண்ணி விட்டு அலசுங்க. வாக்ஸும் கூடவே போயிருக்கும், மறுபடி போடணும். இதுக்கும் போகாம பள்ளமாத் தெரிஞ்சா உப்பு பெயிண்ட்டை அரிச்சிருக்கு, பாலிஷ்தான் வழி.

தஞ்சாவூர், வெள்ளை இன்னோவா: போன வருஷம் பூஜை போட்ட குங்குமக் கறை இன்னும் பானெட்ல இருக்கு அண்ணே. வீட்டுல பொட்டு வைக்காம விடமாட்டாங்க.

வைக்கட்டும், வைக்க வேண்டியதுதான். பூஜைக்கு ரெண்டு நாள் முன்னாடி வாக்ஸ் போட்டு முடிச்சிருங்க, சாயம் நேரா பெயிண்ட்ல இறங்காது. முடிஞ்சா பொட்டை முன்கண்ணாடியோட ஓரத்திலும் நம்பர் பிளேட்டிலும் வைக்கச் சொல்லுங்க, கண்ணாடியில கறை பிடிக்காது. அன்னைக்குச் சாயந்திரமே கழுவிடுங்க. விபூதியும் காய்ஞ்ச சந்தனமும் தூள், உலர்ந்த துணியால துடைச்சா கீறும், தண்ணி ஊத்தி இளக்கி எடுக்கணும். எலுமிச்சைச் சாறு சொட்டியிருந்தா அதையும் காயவிடாதீங்க. மாலையை செல்லோ டேப் போட்டு ஒட்டாதீங்க, நூலால கட்டுங்க.

பழைய கறைக்கு முதல்ல மேலே சொன்ன ஆல்கஹால் கலவை, போகலைன்னா நைஸ் பாலிஷ் கையாலயே போடுங்க. அதுக்கும் நின்னா உள்ளே ஊறிடுச்சு, இன்னும் ஆழமாத் தேய்க்காதீங்க.

ஈரோடு, சிவப்பு ஐ10: வாட்டர் சர்வீஸ் பண்ணுற இடத்துல கடைசியா டீசல் அடிச்சுத் துடைக்கிறாங்க. நல்லா மின்னுது. சரியா?

சரியில்ல. மின்னுறது எண்ணெய்ப் படலம். மறுநாளே தூசி அப்பிக்கும், இருக்கிற வாக்ஸைக் கரைக்கும், ரப்பர் பீடிங் ஊதிக் கெட்டுப்போகும். வேண்டாம்னு முன்கூட்டியே சொல்லிடுங்க.

நாகர்கோவில், சிவப்பு மாருதி 800: பெயிண்ட் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துடுச்சு. தேய்ச்சா துணியெல்லாம் சிவப்பா வருது. பயமா இருக்கு.

பயப்படாதீங்க. பழைய கார்கள்ல உலோக மினுக்கு இல்லாத நிறங்கள் பல கிளியர் கோட் இல்லாம ஒரே அடுக்கா அடிச்சவை, நிறம் துணியில வர்றது இயல்பு. மேலே வெயில்ல செத்த அடுக்கைத்தான் எடுக்கிறீங்க, கீழே பழைய சிவப்பு இருக்கும். மென்மையான பாலிஷைக் கையால போட்டு, நிறம் திரும்பினதும் நிறுத்திட்டு உடனே வாக்ஸ் போடுங்க. இந்தப் பெயிண்ட்டை வாக்ஸ் இல்லாம விட்டா மறுபடி வெளுக்கும், ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை போட்டே ஆகணும்.

இதுவே மெட்டாலிக் கார்ல கூரை தோல் உரிஞ்ச மாதிரி வெள்ளைத் திட்டா இருந்தா கதை வேற. கிளியர் கோட்டே கழண்டுடுச்சு, பாலிஷுக்குச் செலவு பண்ணாதீங்க, திரும்பப் பெயிண்ட் அடிக்கணும்.

சேலம், வெள்ளி நிற அமேஸ்: டிங்கரிங் முடிஞ்சு கதவு புதுசா அடிச்சிருக்கு. உடனே வாக்ஸ் போடலாமா?

வேண்டாம். கம்பெனியில பெயிண்ட்டைச் சுமார் 140 டிகிரியில சுடுறாங்க, வெளிப் பட்டறையில பூத் இருந்தா 60 டிகிரி. உள்ளே இருக்கிற கரைப்பான் வெளியேற நாளாகும், மேலே வாக்ஸ் அடைச்சா பெயிண்ட் இறுகாது. பூத்துல சுட்டதுன்னா 30 நாள், காத்துல காய்ஞ்சதுன்னா 60லிருந்து 90 நாள். அதுவரைக்கும் ஷாம்பூவும் மெல்லிய துணியும் மட்டும், ஆல்கஹால் கலவையும் வேண்டாம்.

திருச்சி, கறுப்பு வெர்னா, நாள் முழுக்க வெயில்ல: கார்னாபா நல்லதா, சீலன்டா, செராமிக்கா?

கார்னாபா பிரேசிலோட வடகிழக்குல வளர்ற ஒரு பனை வகை இலையில எடுக்கிற மெழுகு. 82லிருந்து 86 டிகிரியில உருகும், ஆனா டப்பாவுல எண்ணெயும் மத்த மெழுகும் கலந்துதான் வரும். மே மாசத்துக் கறுப்பு பானெட் 70 டிகிரி பக்கம் போகும். உங்க கார்ல கார்னாபா ஆறு வாரம் நின்னா பெரிசு. ஷெட்டில் நிக்கிற கறுப்புக் காருக்கு அந்த ஆழமான மினுக்கு அழகு, உங்களுக்கு செயற்கை சீலன்ட்தான் ஏத்தது. நாலு மாசம் எதிர்பார்க்கலாம்.

செராமிக்னா பெயிண்ட் மேல கெட்டியா இறுகுற கோட்டிங், வருஷக்கணக்கா நிக்கும், கழுவுறது சுலபமாகும். கல் பட்டா தெறிக்கிறதையோ துணிக் கீறலையோ தடுக்காது. அடியில என்ன கீறல் இருக்கோ அதை அப்படியே பூட்டி வெச்சிடும். அதனால கடைக்காரர்கிட்ட கோட்டிங் எத்தனை அடுக்குன்னு கேட்கிறதை விட, அதுக்கு முன்னாடி எந்தெந்த வேலை பண்ணுவீங்கன்னு கேளுங்க. "கழுவிட்டு உடனே போட்டுடுவோம்"னு சொன்னா திரும்பி வந்துடுங்க.

அதே திருச்சி அன்பர்: வாக்ஸ் போயிடுச்சுன்னு எப்படித் தெரியும்?

தண்ணி ஊத்திப் பாருங்க. முத்து முத்தா உருண்டா இருக்கு. விரிப்பு மாதிரி பரந்து நின்னா ஒரு தடவை நல்லாக் கழுவிட்டு மறுபடி ஊத்துங்க, அழுக்குப் படலம் இருந்தாலும் பரக்கும். அப்பவும் பரந்தா வாக்ஸ் போயிடுச்சு.

புதுச்சேரி, வெள்ளை டியாகோ: கறுப்பு பிளாஸ்டிக் பம்பர்ல வாக்ஸ் பட்டு வெள்ளையா நிக்குது.

பென்சில் அழிக்கிற ரப்பரால தேய்ங்க, பெரும்பாலும் உருண்டு வந்துடும். அடுத்த தடவை முன்கூட்டியே மாஸ்கிங் டேப்.

சென்னை, சிவப்பு நெக்ஸான், தூங்குமூஞ்சி மரத்தடியில நிக்குது: எல்லாரும் பறவை எச்சத்தை ஈரத்துணியால துடைச்சா போதும்கிறாங்க. துடைச்ச இடத்துல தடம் நிக்குதே?

வெயில் சூட்டுல எச்சம் கிளியர் கோட்டைக் கெடுக்கும். அதோட விதையும் மண்ணும் இருக்கும், துடைச்சா அதுவே கீறும். டிஷ்யூவை நல்லா நனைச்சு மேலே போட்டு அஞ்சு நிமிஷம் ஊறவிட்டு, அழுத்தாம அள்ளி எடுங்க, அப்புறம் தண்ணி அடிங்க. கோடையில சில மணி நேரத்துலயே தடம் விழும், வாக்ஸ் இருந்தா கொஞ்சம் கூடுதல் அவகாசம் கிடைக்கும், அவ்வளவுதான். டிக்கியில ஒரு ஸ்பிரே பாட்டில் தண்ணியும் ரெண்டு மைக்ரோஃபைபர் துணியும் எப்பவும் கிடக்கட்டும். அந்தத் துணியைத் துவைக்கும்போது பருத்தித் துணியோடயும் கம்ஃபர்ட் மாதிரி சாஃப்ட்னரோடயும் போடாதீங்க, இழை அடைச்சுத் தண்ணி உறிஞ்சாமப் போயிடும். லிக்விட் டிடர்ஜென்ட்ல அலசி நிழல்ல காயப்போடுங்க.